பேச வைக்கிற உத்தியோகம்

ஒருத்தர் பேசுவதற்காக இன்னொருத்தருக்குச் சம்பளம் கொடுக்கிற தொழில் உலகத்தில் ஏதாவது உண்டென்றால், அது என் தொழில்தான்.

சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் இணையம் வழியாகச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று நடத்துகிறது. படுக்கையில் விழுந்தவர்களையும் வயசாளிகளையும் வீட்டில் வைத்துப் பராமரிப்பது எப்படி என்பதுதான் படிப்பு. பாடங்களை டாக்டர்களும் நர்ஸுகளும் பேசி வீடியோவாகப் பதிவு செய்துவிடுவார்கள். படிக்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்க்ரீனில் ஒன்றுகூடி அதைப் பற்றிக் கலந்து பேச வேண்டும். அவர்களைக் கூட்டுவது, கேள்வி கேட்பது, பேசாதவரைப் பேச வைப்பது, பேசுகிறவரை நிறுத்தி வைப்பது எல்லாம் என் பொறுப்பு. பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடி அறையில், துணிக் கொடிக்குக் கீழே லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்கிறேன்.

எனக்கு மருத்துவம் தெரியாது. முன்பு ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக் கொடுத்தேன். அங்கே "பேசாதீங்க, பேசாதீங்க" என்று கத்தியே தொண்டை போனவளுக்கு, "பேசுங்க, பேசுங்க" என்று கெஞ்சுகிற வேலை வந்து வாய்த்தது. கொரோனாக் காலத்திலோ அதற்குப் பிறகோ நீங்களும் ஒருமுறையாவது சின்னக் கட்டத்துக்குள் உட்கார்ந்து, "நான் பேசுறது கேக்குதா?" என்று கேட்டிருப்பீர்கள். அதனால் என் பாடு உங்களுக்குத் தனியாக விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷத்துக் குழு ஒன்றில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தூக்கின கை

முதல் சனிக்கிழமை. கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்றில் மின்விசிறி மட்டும் தெரிந்தது, இன்னொன்றில் யாரோ ஒருவரின் நெற்றி. "உங்க வீட்டுல நீங்க யாரைப் பார்த்துக்கிடுதீங்க?" என்று கேட்டேன். அரட்டைக் கச்சேரி கிளம்பும் என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. எங்கேயோ குக்கர் விசில் அடித்தது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் கை தூக்கின பொம்மை வந்து நின்றது. பேச விரும்புகிறவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் பொம்மை வரும். களக்காட்டு முருகேசன். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். வாழைத் தோட்டத்தில் பம்ப்செட் ரூம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காதாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சொல்லுங்க தம்பி" என்றேன். பதில் இல்லை. வேறு இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கை அப்படியே நின்றது. "தம்பி, முருகேசன், நீங்க பேசலாம்" என்றேன். ஆள் தலையைக் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிகிற மட்டும் அந்தக் கையும் இறங்கவில்லை, அவர் வாயும் திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் மிச்சமிருந்தார். என்ன மனக்குறையோ என்று பயந்து, "என்ன தம்பி, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டேன்.

"தெரியாம கையைத் தூக்கிட்டேன் மேடம். எப்படி இறக்கதுன்னுதான் தெரியல."

வண்டி நிற்கக் கூடாது

அதே முதல் வகுப்பில் மௌனத்தை உடைத்தவர் பெருமாள் அண்ணாச்சி. ஏரல்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போனை ஒரு தூக்குவாளியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு அம்மாள், தலை நிறையப் பூவோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "பின்னால இருக்கது எங்க வீட்டம்மா, செண்பகம். மறதி வியாதி. சுகர் இல்ல, பிரஷர் இல்ல, வேற ஒரு குறையும் கெடையாது. ஆளுகளைத்தான் தெரியாது" என்று ஆரம்பித்தார்.

ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. செண்பகம் அம்மாள் சாப்பிடுவது, தூங்குவது, பூ வைக்காமல் குளிக்க வரமாட்டேன் என்பது, ஆற்றுப்பாலத்தில் ஒருமுறை டயர் வெடித்தது, திருச்செந்தூர்த் திருவிழாக் கூட்டத்தில் டிக்கெட் கிழிப்பது எப்படி என்று பேச்சு எங்கெங்கோ சுற்றி ஊர் திரும்பியது. நடுவில் புகுந்து, "அண்ணாச்சி, மத்தவங்களும் கொஞ்சம் பேசட்டுமே" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"தாராளமா பேசட்டும் மேடம். ஒருத்தரும் சத்தங் காட்டலன்னா வண்டி நின்னு போச்சுன்னுல்லா அர்த்தம்? அதான் நான் ஓட்டிட்டிருக்கேன்."

மியூட்

சென்னையில் என் மேலதிகாரி ரம்யா. என் வயதில் பாதிதான் இருக்கும், ஆனால் கெட்டிக்காரி. ஒவ்வொரு வகுப்பிலும் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை மென்பொருளே கணக்கெடுத்து வண்ண வண்ணக் கோடுகளாகப் போட்டு அவளுக்கு அனுப்பிவிடும். எங்கள் குழுவின் படத்தில் அண்ணாச்சியின் கோடு பனைமரமாக நின்றது. மற்றவர்கள் எல்லாரும் அதன் காலடியில் புல். ரம்யா கூப்பிட்டு, "மேம், இது டிஸ்கஷன் மாதிரி தெரியல, கதாகாலட்சேபம் மாதிரி இருக்கு. கொஞ்சம் பேலன்ஸ் பண்ணுங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அண்ணாச்சி பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் பொறுத்து, அவருடைய மைக்கை என் பக்கத்திலிருந்தே அணைத்தேன். அவருக்கு அது தெரியவில்லை. கையை ஆட்டிப் பேசினார், ஏதோ சொல்லிவிட்டுத் தானே சிரித்தார், தோள் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு மேலும் பேசினார். அந்த நேரத்தில் மற்றவர்களும் பேசத்தான் செய்தார்கள். வகுப்பு ஒழுங்காக நடந்தது என்று நானே நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் அவரிடமிருந்து போன் வந்தது. யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போல. குரலில் வருத்தமும் இல்லை, சண்டையும் இல்லை. காரணத்தை மட்டும் சொன்னார்.

"வீட்டுல நான் வாயைத் தொறந்தா, 'நீங்க யாரு'ன்னு கேக்கா மேடம். இங்கனதான் என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடுதீங்க. அதான் கொஞ்சம் கூடப் பேசிருதேன்."

திறக்காத கேமரா

உவரி ஜெசிந்தா கேமராவைத் திறக்கவே மாட்டாள். கட்டம் கறுப்பாக இருக்கும், நடுவில் பெயர் மட்டும். அவள் மாமனார் மிக்கேலுக்கு ஒரு பக்கம் வாதம். அவரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். புருஷன் விசைப்படகில் போனால் திரும்பி வருவது அடுத்த வாரம். இதையெல்லாம் அவள் வாயால் சொல்லவில்லை. அரட்டைப் பெட்டியில் தட்டெழுதித்தான் அனுப்பினாள். கேமரா திறந்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. நான் கேட்பேன், "நெட் சரியில்ல மேடம்" என்று எழுதுவாள். உவரியில் எல்லாருக்கும் நெட் ஒழுங்காகத்தான் இருக்கும், இவள் ஒருத்திக்கு மட்டும் மூன்று மணிக்குக் கெட்டுப்போகும்.

ஒருநாள் பிடிவாதம் பிடிக்கிற நோயாளியைச் சமாளிப்பது எப்படி என்று பேச்சு. எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. சோறு வேண்டாம் என்கிறவர், மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறவர், ராத்திரிப் பூரா மணி கேட்கிறவர் என்று வரிசையாகக் குற்றப்பத்திரிகை வாசித்தார்கள். அப்போது ஜெசிந்தாவின் கை எங்கேயோ பட்டு, மைக்கும் கேமராவும் திறந்து, கறுப்புக் கட்டம் திடீரென்று வெளிச்சமானது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர். கழுத்தில் செபமாலை, வாயோரம் கஞ்சி. போன் அவர் மடியிலேயே இருந்தது. முதல் வகுப்பிலிருந்து நாங்கள் பேசின ஒவ்வொரு வார்த்தையையும் மருமகளோடு சேர்ந்து அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இந்தக் கோலத்தில் யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்று சொன்னதும் அவர்தானாம்.

ஜெசிந்தா பதறிக் கேமராவை அணைக்கப் போனாள். அவர் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குழறலாகத்தான் பேசினார், மெதுவாகப் பேசினார், ஆனால் எல்லாருக்கும் புரிந்தது.

"அணைக்காத, இருக்கட்டும். இம்புட்டு நாளும் எங்களைப் பத்திப் பேசுனீங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? பிடிவாதம் எங்களுக்கா, உங்களுக்கா?"

ரெண்டு பேர் அறை

பெரிய குழுவில் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்காக ஒரு வசதி உண்டு. இரண்டிரண்டு பேராகப் பிரித்துத் தனித்தனி அறைக்கு அனுப்பலாம். நிஜ அறை இல்லை, ஸ்க்ரீனில்தான். நான் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அன்று முருகேசனையும் அண்ணாச்சியையும் ஒன்றாகப் போட்டேன். ஒருவர் வாயே திறக்க மாட்டார், ஒருவர் மூடவே மாட்டார், கூட்டிக் கழித்தால் சரியாக வரும் என்று ஒரு கணக்கு. நோயாளியைக் குளிப்பாட்டி உடை மாற்றுவதுதான் அன்றைய பாடம்.

நான் உள்ளே போனபோது அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு ஸ்க்ரீன்தான் உறைந்துவிட்டதோ என்று சந்தேகம். பிறகுதான் கவனித்தேன், முருகேசன் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. அக்கா தங்கை கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு அத்தை வந்து குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்கும் முடியாமல் போய்விட்டது. இப்போது இவர்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு செய்கிறாராம். சோப்பு எங்கே பட்டது, தண்ணீர் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுகிறாள். முதுகில் புண் வந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

என்னிடம் இருந்ததெல்லாம் சென்னையிலிருந்து அனுப்பின கேள்விகள்தான். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"ஏலே, நானும் மொத நாளு கண்ணை மூடிக்கிட்டுத்தான் எங்க வீட்டம்மாவுக்குச் சேலை கட்டுனேன். கட்டுன பெறவு பார்த்தா உள்பக்கம் வெளிய இருக்கு, முந்தி காலுக்குக் கீழ கெடக்கு. கண்ணைத் தொறந்துக்கோ லே. புண்ணுக்கு மருந்து போடணும்னா கண்ணு வேணும்லா?"

காலி நாற்காலி

கார்த்திகை மாசம். அணைப்பக்கம் நல்ல மழை, தாமிரபரணி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு மறதி வியாதிக்காரர்களுக்கு வீட்டில் செய்ய வேண்டிய பாதுகாப்பு பற்றிப் பேச்சு. அண்ணாச்சிக்கு அது சொந்தப் பாடம். அடுப்புக்குப் பூட்டு, கிணற்றுக்கு மூடி, எல்லாம் சொல்லிவிட்டு, "வாசக் கதவுக்கு உச்சியில ஒரு கொண்டி அடிச்சிருக்கேன். அவளுக்கு எட்டாது" என்றார். அப்போதுதான் அரட்டைப் பெட்டியில் ஜெசிந்தாவின் எழுத்து வந்தது: "அண்ணாச்சி, பின்னால அம்மாவைக் காணும்." அவர் திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலி. கதவு விரியத் திறந்து கிடந்தது. அன்றைக்குக் கொண்டியைப் போட மறந்தது அவர்தான். "ஏ செண்பகம்!" என்று ஒரு சத்தம். பிறகு அவரும் கட்டத்தில் இல்லை.

போன் தூக்குவாளியில் சாய்ந்தபடியே இருந்தது. எங்களுக்கு அந்த அறை தெரிந்தது. நாற்காலி, காலண்டர், கதவு வழியாக மழை வெளிச்சம். அவரைக் கூப்பிட்டுப் பேசவும் வழியில்லை, அவருடைய போனில்தான் நாங்கள் எல்லாரும் இருந்தோம். ஜெசிந்தா முதல் தடவையாக வாய் திறந்து பேசினாள். அவள் நாத்தனார் ரோஸ்மேரி தினமும் உவரியிலிருந்து மீன் கொண்டுபோய் ஏரல் சந்தையில் விற்கிறவள். இன்னும் ஊர் திரும்பியிருக்க மாட்டாள். மாமனார் போனை வாங்கி அவளுக்கு அடித்தாள். "எப்படி இருப்பாவ, என்ன சேலைன்னு கேக்கா மேடம்." வகுப்பின் பதிவு என்னிடம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பின்னால் ஓட்டி, செண்பகம் அம்மாள் தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தி, போனில் படமாக எடுத்து ரோஸ்மேரி நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவசரத்தில் முதலில் துணிக் கொடியைத்தான் படம் எடுத்தேன். முருகேசன் இந்த நேரத்தில் தன் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, தோட்டத்தில் ஆள் கூப்பிடுகிற குரலில், "ஏரல்ல வீட்டுல யாராவது இருக்கீயளா?" என்று கத்தினார். நாங்களும் சேர்ந்து கத்தினோம். ஒரு பெண்பிள்ளை கையில் கரண்டியோடு கதவில் எட்டிப் பார்த்து, "ஆளில்லாத வீட்டுல யாரு இப்படிக் கெடந்து கத்துதது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, போனில் எங்கள் முகங்களைப் பார்த்து ஒரு எட்டுப் பின்வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி. விஷயத்தைச் சொன்னோம். "அண்ணாச்சி ஆத்துப் பக்கம்லா ஓடுனாவ!" என்று அவளுக்கும் பதற்றம் வந்துவிட்டது.

ஜெசிந்தா காதில் போனை வைத்துக்கொண்டே இருந்தாள். மிக்கேல் பெரியவர் செபமாலையை உருட்டினார். ஆற்றைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, ஆனால் எல்லார் மனசிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஜெசிந்தா, "கெடைச்சிட்டாவ! பஸ் ஸ்டாண்டுல இருக்காவளாம்!" என்று கத்தினாள். திருநெல்வேலி போகிற பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாராம் செண்பகம் அம்மாள். வண்டி புறப்படத் தயார். ரோஸ்மேரி மீன் கூடையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, இந்தம்மா இறங்காமல் வண்டி நகரக் கூடாது என்று மறித்து நின்றாளாம். அண்ணாச்சியிடம் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரி கரண்டியோடு ஆற்றுப் பக்கம் ஓடினாள். நாங்கள் வகுப்பை முடிக்காமல் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து இரண்டு பேரும் நனைந்துபோய் உள்ளே வந்தார்கள். அண்ணாச்சி அம்மாளின் கையை விடாமல் போனுக்குக் கிட்டே வந்து, "வந்துட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு அணைத்தார்.

மிச்சக் கதையை அடுத்த வாரம் சொன்னார். அவர் பஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது, டிக்கெட் கேட்ட பையனிடம் அம்மாள், "எங்க வீட்டுக்காரவிய கண்டக்டரு. அவிய வந்து குடுப்பாவ" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். "வா, வீட்டுக்குப் போவோம்" என்று இவர் கூப்பிட, "நீங்க யாரு? உங்க கூட நான் எதுக்கு வரணும்?" என்று சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஊரே வேடிக்கை பார்த்தது. இவர் அந்தக் கண்டக்டர் பையனிடம் விசிலைக் கேட்டு வாங்கினார்.

"ஒரு விசில் குடுத்தேன் மேடம். 'ஏரல் எல்லாம் எறங்கு!'ன்னு சத்தம் போட்டேன். எந்திரிச்சிட்டா. படியில எறங்கும்போது, 'எங்க வீட்டுக்காரவிய குரல் மாதிரியே இருக்கு உங்களுக்கு'ன்னு சொல்லிட்டு என் கையைப் பிடிச்சிக்கிட்டா."

அறிக்கை

அந்த வாரம் மென்பொருள் என் வகுப்புக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டது. கேட்க வேண்டிய கேள்விகளை நான் கேட்கவில்லை. பாதி நேரம் ஒருத்தரும் பேசவில்லை, பேசின நேரத்தில் எல்லாரும் ஒன்றாகக் கத்தியிருக்கிறார்கள். ஒரு உறுப்பினர் கேமராவைத் திறந்து வைத்துவிட்டு வகுப்பிலேயே இல்லை. விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. நான் விளக்கம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. மறுநாள் ரம்யாவே கூப்பிட்டாள். வேலை போனாலும் போகட்டும், உள்ளதைச் சொல்லிவிடுவது என்று போனை எடுத்தேன்.

"மேம், ரிப்போர்ட் கிடக்கட்டும். நான் ரெக்கார்டிங் பார்த்தேன், அந்த நாற்காலி வரைக்கும்தான் பார்க்க முடிஞ்சுது. அதுக்கு மேல பயமாயிருந்துச்சு, நிறுத்திட்டேன். அவங்க கிடைச்சாங்களா, அதை மட்டும் முதல்ல சொல்லுங்க."

மூன்று மணி

தை பிறந்த பிறகு முருகேசன் சில வாரம் வரவில்லை. அம்மா இறந்துவிட்டார் என்று குழுவில் ஒரு வரி போட்டிருந்தார். இனி அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் ஓர் ஆள் கட்டிலில் இருக்கிறார், அந்த ஆள் போய்விட்டால் படிப்பும் நின்றுவிடும்.

ஒரு சனிக்கிழமை மொட்டைத் தலையோடு அவருடைய கட்டம் திறந்தது. அதே பம்ப்செட் சுவர். படுக்கைப் புண்ணைத் தடுக்கும் வழிகள் என்பது அன்றைய கேள்வி. அதை எடுத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மிக்கேல் பெரியவர்தான், "தம்பி, சாப்பிட்டியா?" என்று குழறலாகக் கேட்டார். "சாப்பிட்டேன் அய்யா" என்றார். "முதுகுப் புண்ணு?" என்று அண்ணாச்சி கேட்டார். "காஞ்சிட்டு அண்ணாச்சி. போகும்போது ஒரு புண்ணும் இல்ல. கண்ணைத் தொறந்துதான் பார்த்தேன்" என்றார் முருகேசன். அண்ணாச்சி தலையாட்டினார். பிறகு எல்லார் மனசிலும் இருந்ததைப் பளிச்சென்று கேட்டுவிட்டார். "இனி உனக்கு எதுக்கு லே இந்த வகுப்பு?"

முருகேசன் சுவரில் சாய்ந்துகொண்டார். வாழை இலையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை மூணு மணிக்கு அம்மாவைத் திருப்பிப் படுக்க வச்சிட்டுத்தான் இங்கன வருவேன் அண்ணாச்சி. இன்னைக்கும் மூணு மணியாச்சு. திருப்பிப் போட ஆளு இல்ல, கை சும்மா இருக்கு. வேற எங்கன போக, அதான் வந்துட்டேன்."

பாதி மார்க்

கடைசியில் செய்முறைத் தேர்வு. அதுவும் ஸ்க்ரீன் வழியாகத்தான். நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்ட வேண்டும், சென்னையிலிருந்து ஒரு மூத்த நர்ஸ் பார்த்து மதிப்பெண் போடுவார். முருகேசனுக்கு மாற்றிக் காட்ட வீட்டில் யாரும் இல்லையே என்று கவலைப்பட்டேன். தோட்டத்துக்குப் பக்கத்தில் மூட்டுவலியோடு கிடந்த ஒரு தாத்தாவைப் பிடித்து, இரண்டு வாரமாக அவருக்கு எல்லாம் செய்துகொண்டிருந்திருக்கிறார். தேர்வு முடிந்தும் அந்தத் தாத்தா இவரை விடவில்லை. இப்போது அந்தப் பக்கத்தில் ஆண் நோயாளி உள்ள வீடுகளில் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அண்ணாச்சி, செண்பகம் அம்மாளுக்கு முதலில் பூ வைத்து, பிறகு பைய எழுப்பி, நாற்காலியில் உட்கார வைத்தார். தேர்விலும் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே செய்வது நோயாளிக்கு நல்லது என்று நர்ஸ் அவருக்கு அதற்கும் மதிப்பெண் போட்டார்.

உவரியில்தான் சிக்கல். மிக்கேல் பெரியவர் ஆள் கனம். ஜெசிந்தா ஒல்லி. தேர்வன்று அவர் முகம் மழித்து, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா முழங்காலை மடக்கி, அவர் நல்ல கையைத் தன் தோளில் போட்டு, எண்ணிக்கொண்டு எழுப்பினாள். நடுவழியில் ஒரு கணம் இரண்டு பேரும் ஆடினார்கள். நான் இங்கே மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விழுந்தால் தாங்க அங்கே வேறு ஆள் கிடையாது, புருஷன் கடலில். அவள் அவசரப்படவில்லை. அப்படியே நிறுத்தி, மூச்சு விட்டு, காலை ஒருமுறை மாற்றி வைத்து, ஓசையில்லாமல் நாற்காலியில் இறக்கினாள். நர்ஸ், "ரொம்ப நல்லா செஞ்சீங்கம்மா, முழு மார்க்" என்றார். ஜெசிந்தா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு போனைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"நடுவுல நான் நல்ல காலை ஊனலன்னா ரெண்டு பேரும் தரையில கெடந்திருப்போம் மேடம். எனக்கும் பாதி மார்க்கு போடுங்க."

குழு முடிந்தது, எல்லாரும் தேறினார்கள், சான்றிதழ்கள் போய்ச் சேர்ந்தன. அந்தக் குழுவை உருப்படியாக ஒரு கேள்வி கேட்டுப் பேச வைத்ததாக எனக்கு ஒரு நாளும் ஞாபகம் இல்லை, ஆனால் குழுவைப் பேச வைப்பது எப்படி என்று மற்ற ஊர்களில் இதே வேலை பார்க்கிறவர்களுக்குப் பாடம் எடுக்க என்னைத்தான் இப்போது பதவி உயர்த்தியிருக்கிறார்கள்.